பந்திக்கூடத்தில் ஸ்னூக்கர் வர்ணனை

சேலத்தில் என் முகம் யாருக்கும் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு "வாங்கம்மா வாங்க, ஒரு புடவை எடுத்தா இன்னொரு புடவை இலவசம்" என்று கூவிக்கொண்டு போவது நான்தான். நேரில் போவதில்லை. ஒலிப்பதிவு அறையில் ஒருமுறை பேசிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வடிப்பேன். ஆட்டோ என்னை மாதக்கணக்கில் ஊர் சுற்றிக் காட்டும். பங்குக் கோயில் திருவிழாவில் தேர்ப் பவனிக்கு மைக் பிடித்ததில் ஆரம்பித்தது இது. பங்குத்தந்தை என் குரலில் இறையருள் இருக்கிறது என்றார். மளிகைக் கடைக்காரர் ஒருவர் ரெண்டு தெரு தள்ளிக் கேக்குது என்றார். எனக்குப் பிழைப்பைக் கொடுத்தது அந்த மளிகைக்காரரின் பாராட்டுதான்.

ஒரு நாள் காலையில் நாமக்கல்லிலிருந்து தொலைபேசி வந்தது.

"ஏனுங்க, ஆட்டோவுல பேசறது நீங்கதானுங்களா?"

"குரல் மட்டும் என்னுதுங்க. ஆட்டோ வேற ஆளுது."

"அந்தக் குரல்தானுங்க வேணும். நம்ம கோழித்தீவன வெளம்பரத்துல கேட்டேன். ஸ்னூக்கர் போட்டி ஒண்ணு வெக்கறனுங்க. புரொஃபஷனல் இன்விடேஷனல். நீங்க வந்து தமிழ்ல வர்ணனை பண்ணோணும்."

ஸ்னூக்கர் என்பது ஏதோ பாக்கெட்டில் விற்கும் நொறுக்குத்தீனி என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்டால் வேலை போய்விடுமோ என்று, "அதுக்கென்னங்க, பண்ணிடலாம்" என்றேன். எந்த வேலைக்கும் நான் சொல்லும் பதில் அதுதான்.

பேசியவர் பெரிய கோழிப்பண்ணைக்காரர். பண்ணை இயந்திரக் கண்காட்சி பார்க்க வெளிநாடு போனவர், ஓட்டல் அறையில் தூக்கம் வராமல் டிவியைப் போட்டிருக்கிறார். அதில் ஸ்னூக்கர் ஓடியிருக்கிறது. அதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"பச்சையா ஒரு மேசைங்க. ரெண்டு பேரு ஆடறாங்க. சுத்தியும் அத்தனை சனம் உக்காந்திருக்குது. ஒருத்தரு இருமோணுமே? மூச்! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. பொறந்ததுல இருந்து கோழிச் சத்தந்தானுங்க கேட்டுட்டு இருக்கறேன். உலகத்துல இப்பிடி ஒரு எடம் இருக்குதுன்னு ஆரும் எனக்குச் சொல்லவே இல்லியே!"

அந்த அமைதியை நாமக்கல்லுக்குக் கொண்டுவருவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். அதற்காக அவர் முதலில் ஏற்பாடு செய்தது ஒலிபெருக்கியில் கத்துகிற என்னை. இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றுவதையெல்லாம் வாடிக்கையாளரிடம் சொல்லுவது என் தொழிலுக்கு ஒத்துவராது.

என் கணவர் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் இருவரும் சாப்பாட்டு மேசையில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆட்டம் படித்தோம். சிவப்புப் பந்தைக் குழியில் போட்டால் ஒரு புள்ளி. அதைப் போட்டால்தான் மஞ்சள், நீலம், கறுப்பு என்று வேறு நிறத்தைத் தொடலாம். கறுப்புக்கு ஏழு புள்ளி. சிவப்பு குழியில் விழுந்தால் விழுந்ததுதான். மற்ற நிறங்களை எடுத்துத் திரும்ப மேசையில் வைத்துவிடுவார்கள். இந்த இடத்தில் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க ஆபீஸேதான். எங்க மேனேஜர் எத்தனை தடவை குழியில விழுந்தாலும் மறுநாள் அதே எடத்துல உக்காந்திருக்காரு. நாங்கெல்லாம் செவப்பு."

ராசிபுரம் தாண்டி, நாமக்கல் போகிற சாலையில் ஒரு திருமண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். வாசலில் குலை தள்ளிய வாழை மரம். அதன் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர். பேனரில் பண்ணைக்காரரின் மாமன்மார், பங்காளிகள், சம்பந்திகள் எல்லோரும் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட வருகிறவர்கள் எட்டுப் பேரும் கீழ் ஓரத்தில், ரேஷன் கார்டு படம் அளவுக்கு. அழைப்பிதழை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வீடு வீடாகக் கொடுத்திருந்தார்கள். 'அழைப்புப் போட்டி' என்றால் தேர்ந்த ஆட்டக்காரர்களை மட்டும் அழைத்து நடத்துவது என்று நான் செல்போனில் படித்திருந்தேன். உறவுக்காரர்கள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டு குடும்பத்தோடு வந்திறங்கியிருந்தார்கள்.

பண்ணைக்காரரின் பெரிய மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முறுக்கிய மீசை, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. யாரோ அவரிடம் ஸ்னூக்கர் தெரியுமா என்று கேட்டார்கள்.

"தெரியோணும்னு என்ன இருக்குது? அழைச்சாங்க, வந்துட்டோம். கண்ணாலத்துக்குப் போனா மந்திரமெல்லாம் தெரிஞ்சுக்கிட்டா போறோம்?" என்றார்.

மணமேடையில் பொன்னிற சோபா அப்படியே இருந்தது. அதன் முன்னால், தாலி கட்டுவதைப் பார்க்க சனம் நெருக்கியடிக்கும் இடத்தில், பச்சை மேசை நின்றது. மேலே விளக்குகள். குளிர்சாதனம் ஓடியது. நாற்காலிகளுக்கெல்லாம் கல்யாணத்துக்குப் போடும் சாட்டின் உறை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பெண் மாப்பிள்ளை மட்டும் ஓடிப்போய்விட்டது மாதிரி.

முதல் ஆட்டம் ஆரம்பித்தது. நடுவர் சென்னையிலிருந்து வந்த ஒல்லியான மனிதர், கையில் வெள்ளைக் கையுறை. ஆட்டக்காரர் குனிந்து குறி பார்த்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! இதோ..."

ஆட்டக்காரர் நிமிர்ந்துவிட்டார். நடுவர் என்னைப் பார்த்தார். கோயிலுக்குள் செருப்போடு போனவளைப் பார்க்கிற பார்வை.

"மேடம், ஆட்டம் நடக்கும்போது பேசக் கூடாது."

"அப்ப எப்பங்க பேசறது?"

"முடிஞ்சப்பறம்."

"முடிஞ்சப்பறம் என்னங்க இருக்கு பேச?"

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். பண்ணைக்காரர் ஓடி வந்தார். பாவம், நடுவரையும் விட முடியாது, என்னையும் அனுப்ப மனம் வரவில்லை. சவுண்ட் செட்காரர்தான் வழி சொன்னார். மண்டபத்தில் ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவது. பக்கத்துப் பந்திக்கூடத்தில் பெரிய திரை வைத்து, என் குரலை அங்கே மட்டும் விடுவது. "எப்பிடியும் பாதிச் சனம் அங்கதான இருக்குது" என்றார். பாதிக்கு மேலேயே இருந்தது.

எனக்கு மணமகள் அறையைக் கொடுத்தார்கள். ஒரு சிறிய டிவி, ஒரு மைக், ஒரு ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி ஓரமெல்லாம் எத்தனையோ மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். அதன் முன்னால் உட்கார்ந்து, இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சனத்துக்கு ஸ்னூக்கர் வர்ணனை சொல்ல ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே பாணிதான்.

"வாங்கம்மா வாங்க! கறுப்புப் பந்து கண்ணெதிரே நிக்குது! ஏழு புள்ளி! இந்தச் சந்தர்ப்பத்தை விட்டா இனி கிடைக்காது!"

கறுப்பு விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் எழுந்தது. முதலில் சாம்பார் வாளி கவிழ்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். கைதட்டல். எத்தனையோ வருஷமாக நான் கூவியதற்கு யாரும் ஒருமுறைகூடக் கைதட்டியதில்லை.

அன்று மத்தியானம் நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் கையில்லாத கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டை கட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் கல்யாணங்களில் பரிமாறுகிற கேட்டரிங் ஆட்களுக்கும் அதே உடைதான். பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஆட்டக்காரர், முதல் ஆட்டத்தை ஜெயித்த கையோடு சாப்பிட இடம் தேடிப் பந்திக்கூடத்துக்குள் நுழைந்திருக்கிறார். பெரிய மாமா அவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, ரசம் எங்க? எவ்வளவு நேரமா சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கறது?"

வேறு யாராக இருந்தாலும் நான் யார் தெரியுமா என்று கேட்டிருப்பார். எங்கள் ஊரில் அப்படிக் கேட்க ஒரு தகுதியும் வேண்டியதில்லை. அந்தப் பையன் ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு அடுப்பங்கரைப் பக்கம் போய், ரச வாளியை வாங்கிக்கொண்டு வந்து, மாமாவுக்கு ஊற்றினான். பக்கத்து இலைக்காரர் கேட்டார், அவருக்கும் ஊற்றினான். வரிசை முழுவதும் ஊற்றி முடித்தபோதுதான் பண்ணைக்காரரின் மனைவி பார்த்துவிட்டு ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார்.

"அய்யோ சாமி! மாமா, இவரு ஆட வந்தவருங்க!"

மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஆடறவனா? கை நடுங்காம ஊத்துனான். நல்லாத்தான் ஆடுவான்" என்றார்.

அதற்குப் பிறகு பந்திக்கூடத்துக்கு அவன்தான் நாயகன். உண்மையான பேர் எதற்கு? நானும் மைக்கில் அவனை 'ரசத் தம்பி' என்றே சொல்ல ஆரம்பித்தேன். எதிரில் ஆடியவர்கள் வெறும் எதிரிகள். இரண்டாம் நாள் அவன் ஆட்டத்துக்கு இலை எடுத்த பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். அவன் பந்து போடும்போதெல்லாம் சுவர் அதிர்ந்தது. மண்டபத்தில் நடுவர் வாயில் விரலை வைத்துக்கொண்டு எங்கள் சுவரையே பார்த்தார். சுவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இடையில் பண்ணைக்காரர் மணமகள் அறைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"மேடம், கொஞ்சம் மெதுவாப் பேச முடியுங்களா? உள்ள உக்காந்து பாக்கறதே நானும் இன்னும் நாலு பேருந்தானுங்க. அதுலயும் ரெண்டு பேரு குளுகுளுன்னு இருக்குதுன்னு தூங்கறாங்க. இருந்தாலும் பரவால்லீங்க, சித்தெ அமைதியா இருந்தா நல்லா இருக்கும்."

அதுவரை அவரைப் பற்றி எனக்குள் கேலியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பணம் இருக்கிறவருக்கு வந்த கிறுக்கு என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை சனத்தில் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்டதையும் நான்தான் கெடுத்துக்கொண்டிருந்தேன். குரலைத் தணித்தேன். ஒரு பத்து நிமிஷம் தாங்கியது.

கடைசி ஆட்டத்துக்கு ரசத் தம்பி வந்துவிட்டான். எதிரில் மும்பைக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர், பந்தோடு வட்டிக்கணக்குப் பேசுகிற மாதிரி முகம். இருவரும் சமமாக வந்து, கடைசிச் சுற்று, அதாவது ஃபிரேம். அதில் ஜெயித்தவருக்குக் கோப்பை. ஆடும் முறை ரசத் தம்பிக்கு. வரிசையாகப் பந்துகள் விழுந்தன. இன்னும் சில சிவப்பு போனால் முடிந்தது. வெள்ளைப் பந்து தூரத்தில் நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மேசை மேல் முழு உடம்பையும் நீட்டிக் குனிந்தான்.

"தாய்மார்களே, தம்பி எட்டிப் புடிக்கிறாரு..." என்று நான் ஆரம்பித்தேன்.

அவன் அடிக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்தான். நடுவரைப் பார்த்து ஏதோ சொன்னான். தன் கோட்டுப் பொத்தானைத் தொட்டுக் காட்டினான், பிறகு மேசையில் ஒரு சிவப்புப் பந்தைக் காட்டினான். நடுவர் தலையசைத்தார். ஃபவுல் என்று அறிவித்தார். எதிராளிக்கு நாலு புள்ளி. ரசத் தம்பி போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

பந்திக்கூடம் முதல்முறையாக அமைதியானது. எல்லோரும் நான் சொல்லுவதற்குக் காத்திருந்தார்கள். "தம்பியோட கோட்டுப் பொத்தான் ஒரு சிவப்புப் பந்துல பட்டுருச்சாம்" என்றேன். "படக் கூடாதாம். அதை... தம்பியே நடுவர்கிட்ட சொல்லிட்டாரு."

கூச்சல் கிளம்பியது. கதவை யாரோ தள்ளினார்கள். பெரிய மாமா, கழுவாத கையோடு.

"ஏனம்மணி, பந்து தொட்டதை ஆரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கலீங்க."

"நடுவரு?"

"அவரு அந்தப் பக்கம் நின்னாருங்க."

"அந்தக் கண்ணாடிக்காரன்?"

"தண்ணி குடிச்சிட்டிருந்தாரு."

"டிவியில காட்டுனாங்களா?"

"முதுகு மறைச்சிருச்சுங்க."

"அப்பறம் என்ன எழவுக்கு அதைச் சொன்னான்?"

'கடைசி மூன்று நாள் மட்டும்' என்று வருஷம் முழுக்கச் சொல்லுகிற தொண்டை இது. இந்தக் கேள்விக்கு அதில் என்ன இருக்கும்? செல்போனில் படித்ததை வைத்து, "இந்த ஆட்டத்துல அதுதான் மரியாதைங்களாம்" என்றேன்.

"மரியாதையா? மரியாதைன்னா பெரியவங்களைப் பாத்தா எந்திரிக்கறது. இது என்ன மரியாதை?"

அவர் நேரே மண்டபத்துக்குப் போனார். பின்னால் பத்து இருபது பேர். நானும் மைக்கை வைத்துவிட்டு ஓடினேன். மும்பைக்காரர் குறி பார்த்துக்கொண்டிருக்கையில் மாமா நடுவர் முன்னால் போய் நின்றார்.

"சார், சின்னப் பையன், வாய் தவறிச் சொல்லிட்டான். நாங்க பெரியவங்க நாலு பேரு இருக்கறோம். அவன் சொன்னதை வாபஸ் வாங்கிக்கச் சொல்றோம். நீங்க ஆட்டத்தை ஆரம்பிங்க."

நடுவருக்கு வேர்த்தது. ஊரில் அவர் எத்தனையோ ஃபவுல் பார்த்திருப்பார். ஃபவுலை ரத்து செய்யப் பஞ்சாயத்து வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அப்போது பண்ணைக்காரர் எழுந்தார். இரண்டு நாளாகக் குசுகுசுவென்று மட்டுமே பேசியவர்.

"மாமா! சத்தம் போடாம பொட்டாட்ட உக்காருங்க!"

அந்த அமைதிப் போட்டி முழுவதிலும் எழுந்த சத்தங்களில் பெரியது அதுதான். மணமேடையில் எதிரொலித்தது. மாமா பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் உட்காரக்கூடத் தோன்றாமல் சுவரோரம் நின்றார்கள். யாரும் பேசவில்லை. பேசினால் அடுத்த அதட்டல் தங்களுக்கு என்று தெரிந்திருந்தது.

மும்பைக்காரர் ஆடினார். ஒவ்வொரு பந்தும் குழியில் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. அதற்கு முன்னால் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. என் குரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பச்சைத் துணியில் பந்து உருளுகிற மெல்லிய ஓசைகூடக் கேட்டது. ஓரக்கண்ணால் பண்ணைக்காரரைப் பார்த்தேன். கைகட்டி நின்றுகொண்டிருந்தார், கண் கலங்கி. அவர் கேட்ட அமைதி அவருக்கு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது, கால் மணி நேரத்துக்கு.

மும்பைக்காரர் ஜெயித்தார். ரசத் தம்பி எழுந்துபோய்க் கைகொடுத்தான். கோப்பையும் சால்வையும் ஜெயித்தவருக்கு. படம் எடுக்கும்போது அவரைச் சுற்றி யாருமில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் தோற்றவனைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இந்த முறை பெரிய மாமாவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் இலையில் ரசம் ஊற்றினார்.

"ஏஞ்சாமி, சொல்லாம இருந்திருக்கலாமுல்ல?"

"பட்டுச்சுல்ல சார், அதான் சொன்னேன்" என்றான் அவன், பெங்களூர்த் தமிழில்.

"பட்டுது, சரி. அதை எதுக்கு வெளிய சொன்னே?"

"பட்டதாலதான்."

"அட, பட்டுதுன்னு ஒத்துக்கறேன். சொன்னது எதுக்கு?"

இலை எடுக்கும் வரை இருவரும் இதே இரண்டு வாக்கியத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாமாவுக்குக் கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் கூட்டம். மாமாவின் வெள்ளைக் காரில் யாரோ வண்டி எடுக்கும்போது உரசியிருக்கிறார்கள். கதவு நீளத்துக்கு ஒரு கோடு. மண்டபம் நிறைய சனம், வண்டி நிறுத்துமிடத்தில் வாட்ச்மேன், டிரைவர்கள், பீடி பிடிக்க வந்தவர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த நேரத்தில் ஸ்னூக்கரில் மூழ்கியிருந்தார்களாம்.

"மனசாட்சி உள்ளவன் ஒருத்தன்கூட இல்லியா இங்க?" என்று மாமா கத்தினார்.

நான் பையை எடுத்துக்கொண்டு ராசிபுரம் பஸ் பிடிக்கப் போய்விட்டேன். வீட்டில் கணவர் யார் ஜெயித்தது என்று கேட்டார். "எப்பவும் போல மேனேஜர்தான்" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறு வருஷம் போட்டி நடக்கவில்லை. உறவுக்காரர்கள் கேட்டார்களாம், வர்ணனை உண்டா, ரசத் தம்பி வருவானா என்று. சில மாதம் கழித்துப் புதுத் தீவன விளம்பரத்துக்காகப் பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டார். பேச்சுவாக்கில் அந்த மேசை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஊட்டு மாடிக்கு ஏத்திட்டனுங்க. கதவைச் சாத்துனா ஒரு கோழிச் சத்தம் கேக்காது. தெனமும் சாயங்காலம் நானும் என்ற ஊட்டுக்காரியும் ஆடறோம்."

"ரொம்ப சந்தோஷங்க. யாருங்க ஜெயிக்கறது?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்து அறையில் அந்த அம்மா இருந்திருக்க வேண்டும்.

"அவதானுங்க. சேலைத் தலைப்புல பாதிப் பந்தைக் குழியில தள்ளிவிடறா. கேட்டா, நீங்க பாத்தீங்களாங்கறா."